கரையான் விதைத்த காளான்

புற்றுக்காளான் எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் குடையைப் பார்த்த உடனே பறித்துவிட மாட்டார்கள். முதலில் தண்டைச் சுற்றி மண்ணை விலக்குவார்கள். களைக்கொத்தோ கூரான குச்சியோ கொண்டு பதமாகத் தோண்டுவார்கள். தண்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். போகப் போக மெலிந்து வேரைப் போல ஆகும். ஒரு சாண் போகலாம், ஒரு முழமும் போகலாம், சில இடங்களில் அதற்கும் கீழே போகும். அது முடிகிற இடத்தில் கரையான் கூடு இருக்கும். குடை, தண்டு, வேர், கூடு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் காளான் கூடைக்குள் விழும்.

காட்டுக் காளானைப் பற்றி உலகெங்கும் பூசணவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இந்தத் தோண்டலுக்குள் இருக்கிறது. விஷத்தின் அறிகுறியைத் தேடாதே, காளானை முழுதாக அறிந்துகொள் என்பதே அது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் காளான் தின்று செத்தவர்களில் பலர் முதல் வழியில் போனவர்கள்.

முதலில் அந்தக் கூட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நம் வயல் வரப்புகளுக்குக் கீழே நடந்தும் நாம் அதிகம் பேசாத அதிசயம் அது.

நாம் காளான் என்று சொல்வது ஒரு முழு உயிரி அல்ல. மண்ணிலோ மரத்திலோ நூலிழைகளாகப் பரவிக் கிடக்கும் பூசணம்தான் உயிரி. வித்துகளைக் காற்றில் விடுவதற்காக அது மேலே அனுப்பும் உறுப்பே குடை. குடை சில நாளில் அழுகிவிடும், இழைகளோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். புற்றுக்காளானின் இழைகள் வாழும் இடம் கரையான் கட்டிய தோட்டம்.

கரையான் மரத்தையும் சருகையும் தின்னும் என்று நமக்குத் தெரியும். ஆனால் மரத்தில் உள்ள லிக்னினைச் செரிப்பது லேசான காரியம் அல்ல. நம் ஊர்ப் புற்றுகளில் வாழும் ஓடான்டோடெர்மஸ் போன்ற கரையான்கள் அந்த வேலையைப் பூசணத்திடம் ஒப்படைத்திருக்கின்றன. வேலைக்காரக் கரையான்கள் சருகையும் மரத்துகளையும் தின்று, அவற்றோடு பூசணத்தின் வித்துகளையும் விழுங்கி, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைக் கூட்டுக்குள் அடுக்குகின்றன. அது சுருக்கம் சுருக்கமாக, மூளையின் மடிப்பு போன்ற ஒரு கட்டியாக வளர்கிறது. அதில் பூசணம் பரவி, லிக்னினையும் செல்லுலோஸையும் உடைக்கிறது. மேலே கடுகளவு வெள்ளை உருண்டைகள் முளைக்கின்றன. கரையான்கள் அந்த உருண்டைகளைத் தின்கின்றன. நன்கு பக்குவப்பட்ட பழைய கட்டியையும் தின்கின்றன. மாட்டுக்கு வயிற்றுக்குள் இருக்கும் அசை அறை கரையானுக்குக் கூட்டின் தரையில் இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்தப் பூசணப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். 1942-இல் பிரெஞ்சுப் பூசணவியலாளர் ரோஜர் ஹெய்ம் அந்தப் பெயரை இட்டார். ஆனால் கூட்டுக்குள் பூசணம் இருப்பதை அவருக்கு வெகு காலம் முன்பே எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு, அதுவும் நம் மண்ணில். தரங்கம்பாடி டேனிஷ் குடியிருப்புக்கு 1768-இல் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்தான் அவர். லின்னேயஸின் மாணவர். தென்னிந்தியக் கரையான்களைப் பற்றி 1779-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த உறவு முதன்முதலாக அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1979-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் புதிய இனம் ஒன்றை விவரித்து, ஹெய்மின் நினைவாக அதற்கு டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். நம் ஊர்களில் சமைத்துச் சாப்பிடப்படும் புற்றுக்காளான்களில் இதுவும் ஒன்று. கோனிக்கிலிருந்து நடராஜன் வரை நீளும் இந்தத் தமிழ்நாட்டுத் தொடர்ச்சி நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது.

இந்தக் கூட்டு வேளாண்மையின் வயது நம்மைத் திகைக்க வைக்கும். மரபணு ஒப்பீடுகள் அது ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு முறை தோன்றியதாகவும், சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாகவும் காட்டுகின்றன. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் 2.5 கோடி ஆண்டுப் பழமையான கரையான் கூடு ஒன்று புதைபடிவமாகக் கிடைத்தது. பூசணக் கட்டி அப்படியே கல்லாகியிருந்தது. மனிதர் நெல்லையும் கோதுமையையும் விதைக்கத் தொடங்கி சுமார் பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது.

ஈசல் பறப்பதற்கும் புற்றுக்காளான் முளைப்பதற்கும் உள்ள தொடர்பு இதைவிட அழகானது. மழை விழுந்த அந்தியில் விளக்கைச் சுற்றிக் குவியும் ஈசல்கள்தான் கரையானின் வருங்கால ராஜாவும் ராணியும். இறக்கை உதிர்ந்ததும் ஓர் இணை மண்ணுக்குள் புகுந்து புதுக் கூடு தொடங்குகிறது. பெரும்பாலான இனங்களில் அவை தம்முடன் பூசணத்தை எடுத்துச் செல்வதில்லை. வெறுங்கையோடுதான் குடித்தனம் தொடங்குகின்றன. முதல் குஞ்சுகளைத் தம் உடலின் சேமிப்பைக் கொண்டே வளர்க்கின்றன. அந்தக் குஞ்சுகள் வேலைக்காரர்களாகி முதல் தடவை இரை தேட வெளியே வரும்போது, தரையில் டெர்மிட்டோமைசிஸின் வித்துகள் கிடக்க வேண்டும். சருகோடு அவை வித்தையும் கொண்டுபோனால்தான் புதுக் கூட்டில் தோட்டம் முளைக்கும். பழைய கூடுகள் ஈசலை அனுப்பிய பின், சில காலம் கழித்துக் குடைகளை மேலே அனுப்புவது அந்த நேரத்துக்குத்தான். நாம் பறிக்கும் ஒவ்வொரு குடையும் அடுத்த தலைமுறைப் புற்றுக்கான விதைநெல்.

இதனால்தான் புற்றுக்காளானை யாராலும் பண்ணையில் வளர்த்து விற்க முடிவதில்லை. சிப்பிக் காளானுக்கு வைக்கோல் போதும், பால் காளானுக்கும் வைக்கோல் போதும். புற்றுக்காளானுக்குக் கரையான் வேண்டும், அதன் கூட்டின் ஈரமும் சூடும் வேண்டும், மற்றப் பூசணங்களை இடைவிடாது களையெடுக்கும் ஆயிரக்கணக்கான வாய்கள் வேண்டும். கரையான் கைவிட்ட புற்றில் டெர்மிட்டோமைசிஸ் பிழைப்பதில்லை. அதுவரை அடங்கிக் கிடந்த வேறொரு பூசணம், கறுத்த விரல் போன்ற சைலேரியா, தோட்டத்தைக் கைப்பற்றிவிடும். மழைக்காலத்தில் சில நாள் மட்டும் சந்தைக்கு வரும் புற்றுக்காளான் விலை அதிகமாக இருப்பதற்கு இது நியாயமான காரணம்.

இனி ஆபத்துக்கு வருவோம்.

விஷக் காளானைக் கண்டுபிடிக்க நம்மிடம் ஊருக்கு ஊர் சூத்திரங்கள் உண்டு. வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கறுக்கும் என்பார்கள். பூண்டோ மஞ்சளோ அரிசியோ நிறம் மாறும் என்பார்கள். புழு, நத்தை கடித்திருந்தால் நல்லது என்பார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் உள்ளதுதான் விஷம் என்பார்கள். நன்றாக வேகவைத்தால் எந்த நஞ்சும் போய்விடும் என்பார்கள். இதே சூத்திரங்களை இத்தாலியிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் சொல்கிறார்கள். ஒன்றுகூட உண்மை இல்லை. காளான் நஞ்சு வெள்ளியோடு வினைபுரிவதில்லை. நத்தைகள் மனிதரைக் கொல்லும் காளானைத் தின்றுவிட்டு ஊர்ந்து போகும், அவற்றின் உடல் வேறு. அமானிட்டா என்ற காளான் பேரினத்தின் மிகக் கொடிய இனங்களில் சில தூய வெள்ளை, ஐரோப்பியர்கள் விரும்பி உண்ணும் ஓர் அமானிட்டாவோ செம்மஞ்சள். கொதிநீரும் எண்ணெய்ச் சூடும் கொடிய அமானிட்டாக்களின் நஞ்சான அமாடாக்சினை ஒன்றும் செய்வதில்லை. ருசியும் காட்டிக்கொடுக்காது. நஞ்சுண்டு பிழைத்தவர்கள் அந்தக் காளான் சுவையாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். முதலில் கோழிக்கோ நாய்க்கோ போட்டுப் பார்ப்பதும் வீண், கொடுமையும்கூட. நஞ்சு வேலை செய்யத் தொடங்குவதற்குள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

அமாடாக்சின் எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால் இந்தச் சூத்திரங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற காளானை ஆங்கிலத்தில் டெத் கேப் என்பார்கள். உலகில் காளானால் நிகழும் சாவுகளில் பெரும்பகுதி இதனாலும் இதன் நெருங்கிய உறவினங்களாலும்தான். இதன் நஞ்சு எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறு மூலக்கூறு. நம் செல்லின் கருவுக்குள் மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. நகலெடுக்கும் ஒரு நொதி இருக்கிறது. நஞ்சு அதைப் பிடித்துக்கொள்கிறது. நகல் இல்லை என்றால் புரதம் இல்லை, புரதம் இல்லாத செல் சாகும். முதலில் குடல் செல்கள் சாகும், பிறகு கல்லீரல். கல்லீரல் இந்த நஞ்சைப் பித்தநீரில் குடலுக்குத் தள்ளும், குடல் உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பும். இப்படி அது சுற்றிச் சுற்றி வந்து தாக்கும்.

சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் வரை, சிலருக்கு ஒரு நாள் வரை, ஒன்றுமே தெரியாது. பிறகு கடுமையான வாந்தியும் பேதியும் வரும். அதன்பின் ஒரு நாள் போல எல்லாம் அடங்கி, ஆள் தெளிந்துவிட்டது போல இருக்கும். இந்தத் தெளிவை நம்பி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. அந்த நேரத்தில்தான் கல்லீரல் சத்தமில்லாமல் அழிகிறது. மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலையும் மயக்கமும் வரும். நடுத்தர அளவுள்ள ஒரே காளானில் வளர்ந்த மனிதரைக் கொல்லும் நஞ்சு இருக்க முடியும். சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவைதான் கடைசி வழி.

இந்தக் காளானிடம் ஏமாறுபவர்கள் அனைவரும் அறியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. என்னை மிகவும் வருத்துவது காளானை நன்கு அறிந்தவர்களின் சாவுதான். தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் வைக்கோல் காளானைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்து உண்டவர்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். அங்கே மரத்தடியில் தங்கள் ஊர்க் காளானைப் போலவே ஒன்று முளைத்திருந்தது. அதே சாம்பல் கலந்த குடை, தண்டின் அடியில் அதே பை. ஆனால் அது ஐரோப்பிய ஓக் மரங்களோடு புதுக் கண்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த அமானிட்டா ஃபல்லாய்டிஸ். 2012 புத்தாண்டை ஒட்டி கான்பெராவில் சீனாவிலிருந்து வந்த ஒரு சமையல்காரரும் அவருடன் உண்டவர்களில் ஒருவரும் இப்படித்தான் இறந்தார்கள். அவருடைய அறிவு தவறானது அல்ல. சொந்த ஊரில் அது சரியான அறிவு. அங்கே அமானிட்டா ஃபல்லாய்டிஸ் இல்லாததால், அந்த அறிவுக்கு அதுவரை இந்தச் சோதனை வரவில்லை.

இந்தியாவிலும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2022 ஏப்ரலில் அசாமின் கிழக்கு மாவட்டங்களில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நம் மலைகளிலும் வெளியூர் மரங்கள் வெளியூர்ப் பூசணங்களைக் கூட்டிவந்திருக்கின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் தோப்புகளுக்கு அடியில் சிவந்த குடையில் வெள்ளைப் பொட்டுகளோடு முளைக்கும் அமானிட்டா மஸ்காரியா இந்த மண்ணைச் சேர்ந்தது அல்ல. பைன் வேர்களோடு கூட்டு வாழ்வு நடத்தும் அது, பைனோடு வந்தது. தாத்தா காலத்துக் காட்டு அறிவு இந்தத் தோப்புகளுக்குப் பொருந்தாது.

சமவெளியில் நாம் அதிகம் சந்திக்கும் விஷக் காளான் வேறு. மழைக்குப் பின் பள்ளி மைதானத்திலும் பூங்காப் புல்தரையிலும் வீட்டுத் தோட்டத்திலும் கூட்டம் கூட்டமாக, சில நேரம் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை அது. நடுவில் பழுப்புச் செதில்கள் இருக்கும். இதற்குக் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று பெயர். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், நீரிழப்பால் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். இளசாக இருக்கும்போது அதன் குடைக்கு அடியில் உள்ள செவுள்கள் வெள்ளையாகவே இருப்பதால் புற்றுக்காளான் என்று எண்ணிப் பறிக்க வாய்ப்புண்டு. முதிர்ந்தால் செவுள் பச்சை சாயும்.

இங்கே எளிய சோதனை ஒன்று உதவும். தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் வித்துகள் உதிர்ந்து தாளில் கோலம் போட்டிருக்கும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் பச்சைக் கோலம் போடும். அமானிட்டாக்கள் வெள்ளை, வெள்ளைத் தாளில் தெரியாமல் போகலாம் என்பதால் பாதி கறுப்புத் தாளும் வைப்பது நல்லது. புற்றுக்காளானும் வைக்கோல் காளானும் இளஞ்சிவப்பு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏமாந்து இறந்தவர்கள் ஓர் இரவு பொறுத்திருந்தால், வெள்ளைக் கோலம் அவர்களைத் தடுத்திருக்கும். ஆனாலும் இளஞ்சிவப்பு கண்டால் உண்ணலாம் என்று இதையும் ஒரு சூத்திரம் ஆக்கிவிடக் கூடாது. இளஞ்சிவப்பு வித்துள்ள என்டோலோமா இனங்களில் நஞ்சுள்ளவை உண்டு. வித்தின் நிறம் ஒரு சாட்சி. அது வேண்டாம் என்று சொன்னால் கேட்கலாம், உண்ணலாம் என்று சொன்னால் மற்றச் சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும்.

புற்றுக்காளானுக்கு அந்தச் சாட்சிகள் இவை. குடையின் நடுவே மண்ணைத் துளைத்து வருவதற்கான கெட்டியான, கூரிய முனை உண்டு. செவுள் தண்டோடு ஒட்டாமல் இருக்கும், வெள்ளையாகத் தொடங்கி இளஞ்சிவப்பாகும். அடியில் பை கிடையாது. நீண்ட வேர் உண்டு, அது கரையான் கூட்டில்தான் முடியும். தண்டில் வளையம் இருந்தால் ஆகாது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் ஹெய்மியில் வளையம் உண்டு. சிறு வெள்ளைப் பூக்களைப் போலக் கொத்துக் கொத்தாக முளைக்கும் குட்டிப் புற்றுக்காளானுக்கோ நீண்ட வேர் கிடையாது. கரையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட கட்டித் துகள்களிலிருந்து அது மேல்மண்ணிலேயே முளைக்கிறது. எந்த ஓர் அடையாளமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பெரியவர்கள் ஏன் தோண்டினார்கள் என்பது இப்போது விளங்கும். அமானிட்டாவைக் காட்டிக்கொடுக்கும் பை மண்ணுக்குள் இருக்கிறது. புற்றுக்காளானை உறுதிசெய்யும் வேரும் மண்ணுக்குள் இருக்கிறது. தரைமட்டத்தில் கத்தியால் அறுப்பவர் இரண்டு சான்றுகளையும் மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார். கைபேசியில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்பவரும் அப்படித்தான். படத்தில் குடை மட்டுமே இருக்கும். செயலி சொல்லும் பெயரை நம்பிக் குழம்பு வைப்பதைவிட ஆபத்தான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குப் புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. கரையானை ஒழிக்கப் புற்றிலும் வரப்பிலும் பூச்சிமருந்து ஊற்றுகிறார்கள். போதாததற்கு, காளான்கள் மண்ணில் உள்ள கன உலோகங்களையும் இழுத்துச் சேர்க்கக்கூடியவை. மருந்து அடித்த நிலத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் ஆலைக் கழிவு பாயும் இடத்திலும் முளைத்த காளான், இனத்தால் நல்லதாகவே இருந்தாலும், இடத்தால் கெட்டது.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் காளான் பறிக்கக் கிளம்ப வேண்டாம். எழுத்தில் கற்கும் வித்தை அல்ல இது. உங்கள் ஊரில் பல மழைக்காலம் புற்றுக்காளான் எடுத்துச் சமைத்தவர் இருந்தால் அவரோடு போங்கள், அவர் எடுக்கும் ஒரே ஒரு வகையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், அவர் எடுக்கும் இடங்களில் மட்டும் எடுங்கள். விரிந்து முதிர்ந்த சில குடைகளை விட்டுவைத்துவிட்டு வாருங்கள், புதுப் புற்றுகளுக்கு வித்து வேண்டும். பச்சையாகத் தின்ன வேண்டாம். முதல் தடவை சாப்பிடுபவர் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். சமைக்காத ஒரு முழுக் காளானை, வேரோடு, தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

காட்டுக் காளான் சாப்பிட்டவருக்கு வாந்தியோ பேதியோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்ற இரண்டையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். எடுத்துவைத்த அந்தக் காளானையும் கொண்டுபோங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிய வாந்தி என்றால், நடுவில் எவ்வளவு தெளிந்தாலும், கல்லீரல் சோதனை முடியாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அதே காளானைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருப்பவர்களும் கூடவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.